அலுவலகத்தில் ஆயுத பூஜைப் பொறுப்பு உங்களிடம் வந்தால்: புதிதாக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டுப் பகுதியில் அரசு அலுவலகமொன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்பவருக்கு முதல் ஆண்டிலேயே எழுதப்படாத ஒரு பொறுப்பு வந்து சேரும். "தம்பி, இந்த வருஷம் பூஜையை நீங்க பாத்துக்கங்க" என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பிரித்துவிடுவார். யாரிடம் அனுமதி பெறுவது, பணத்தை எப்படிச் சேர்ப்பது, எதைச் செய்தால் பின்னால் விளக்கம் கேட்பார்கள் என்பதை ஒருவரும் எழுதி வைத்திருப்பதில்லை. சென்ற ஆண்டு செய்தவரோ மாறுதலில் திருப்பத்தூருக்கோ மானாமதுரைக்கோ போயிருப்பார். நான் பலரிடம் கேட்டு, அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஆயுத பூஜையை முன்வைத்தே எழுதினாலும், கிறிஸ்துமஸ் ஜெபக் கூட்டத்துக்கும் நோன்பு திறப்புக்கும் இதே நடைமுறை பெரும்பாலும் பொருந்தும். மாறுபடும் இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

1. நடத்துவது யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அலுவலகம் பூஜை நடத்துவதில்லை. அங்கே பணிபுரிபவர்களில் விருப்பமுள்ளவர்கள், தங்கள் சொந்தப் பணத்தில், அலுவலகத் தலைவரின் அனுமதியோடு நடத்துகிறார்கள். அடுத்து நீங்கள் எழுதப்போகும் கடிதம், சுற்றுக்கு விடும் தாள், வைக்கும் கணக்கு ஆகிய அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தை ஒட்டியே அமைய வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. 27ஆம் பிரிவோ குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆகவே அலுவலகத்தின் சில்லறைச் செலவினத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகங்களில் ஆயுத பூஜை கொண்டாடுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கொன்றில், பணியாளர் ஒருவர் தம் பணியிடத்துக்கும் பணிக்கருவிக்கும் மரியாதை செலுத்துவது பிறர் மனத்தைப் புண்படுத்துவதாகாது என்றும், தனிநபர்கள் கொண்டாடுவது வேறு, அரசே கொண்டாடுவது வேறு என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருதியது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. யாரேனும் ஆட்சேபம் எழுப்பினால் வாதாடுவதற்காக அன்று, உங்கள் எல்லை எதுவரை என்று உங்களுக்கே தெரிவதற்காக. வளாகத்தில் புதிதாகப் பிள்ளையார் வைப்பது, மேடை கட்டுவது போன்ற யோசனையை யார் சொன்னாலும் அப்போதே மறுத்துவிடுங்கள். பொது இடங்களில் அனுமதியற்ற வழிபாட்டுக் கட்டுமானம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. படத்தை வைத்துக் கும்பிட்டு, அன்று மாலையே எடுத்து வைத்துவிடுவது போதும்.

2. தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஆயுத பூஜை பொது விடுமுறை நாள் என்பதால் அலுவலகப் பூஜை அதற்கு முந்தைய வேலைநாளில்தான் நடக்கும். 2024இல் பண்டிகை அக்டோபர் 11 வெள்ளிக்கிழமை வந்தது. அலுவலகங்களில் வியாழன் மாலையே பூஜை முடிந்தது. 2025இல் அக்டோபர் 1 புதன்கிழமை என்பதால் செவ்வாய்க்கிழமையே முடிந்தது. பூஜைக்கும் அடுத்த வேலைநாளுக்கும் இடையே எத்தனை நாள் அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதை நாட்காட்டியில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 2024இல் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள்கள் பூட்டிக் கிடந்தன. பொரியும் பழமும் பதிவறைப் பக்கம் சிந்திக் கிடந்தால் எலிகள் முதலில் பொரியைத் தின்னும், பிறகு கோப்புகளைத் தின்னும்.

நேரத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பொதுமக்கள் வந்து போகும் நேரத்தில் வைக்கவே கூடாது. தலைமைச் செயலகம் தொடங்கிப் பெரும்பாலான அலுவலகங்களுக்கு வேலை நேரம் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை. புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் சான்றிதழுக்காகப் பேருந்து ஏறி வந்தவரை, "சாமி கும்பிட்டு வாறோம், இருங்க" என்று வெளியே நிற்க வைப்பதைவிடத் தவறான காரியம் வேறில்லை. புகார் எழுவதும் பெரும்பாலும் அதனால்தான். சுத்தம் செய்வதையும் அலங்காரத்தையும் மதிய இடைவேளையில் முடித்துக்கொண்டு, பூஜையை 5.45க்கு வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். தொலைவிலிருந்து வரும் பெண் பணியாளர்கள் சிவகங்கைப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று சற்று முன்னதாக வைக்கச் சொன்னால், தபால் பிரிவிலும் முன்மேசையிலும் ஒருவர் இருக்கையிலேயே இருக்க ஏற்பாடு செய்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

3. அனுமதியை எழுத்தில் பெறுங்கள்

வாய்மொழி அனுமதி போதுமென்று சொல்பவர்கள் இருப்பார்கள். அனுமதி கொடுத்த அலுவலர் மறுமாதமே மாறுதலில் போனால் உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. "பொருள்" வரி கீழ்க்கண்டவாறு அமைந்தால் மீதியைப் படிக்காமலே விஷயம் விளங்கிவிடும்.

பொருள்: ஆயுத பூஜை – பணியாளர்கள் தம் விருப்பத்தின்பேரில் சொந்தச் செலவில் அலுவலக நேரத்துக்குப் பின் நடத்துதல் – வளாகத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

கடிதத்தின் உடலில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பயன்படுத்தப்போகும் அறை, பொறுப்பேற்கும் இருவரின் பெயரும் பதவியும், அரசு நிதி பயன்படுத்தப்படாது என்ற உறுதி, வெளியாரிடம் நன்கொடை பெறப்படாது என்ற உறுதி, பங்கேற்பு எவருக்கும் கட்டாயமில்லை என்ற வரி, விளக்கும் கற்பூரமும் ஏற்றுவதற்கான பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவை இடம்பெற வேண்டும். "அலுவலகத்தின் சார்பில்" என்ற சொற்றொடர் எங்கும் வந்துவிடக் கூடாது. "பணியாளர்கள் சார்பில்" என்றே எழுதுங்கள். இந்த ஒரு சொற்றொடருக்காகவே கடிதங்கள் திரும்பி வருகின்றன.

கடிதத்தைத் தபால் பிரிவில் பதிந்து, நடப்புக் கோப்பில் குறிப்பு வைத்து, கண்காணிப்பாளர் வழியாக அலுவலகத் தலைவருக்கு அனுப்புங்கள். பூஜைக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது, ஏனெனில் சில தலைவர்கள் தாமே முடிவெடுக்காமல் மேலிடத்தைக் கேட்பார்கள். காரைக்குடி வட்டத்து வருவாய்த் துறை அலுவலகமென்றால் மேலிடம் தேவகோட்டைக் கோட்டாட்சியர்; அங்கிருந்து சிவகங்கை மாவட்ட ஆட்சியரகத்துக்கும் போகக்கூடும். போய் வர ஆகும் காலத்தை உங்களால் குறைக்க முடியாது. ஒப்புதல் வந்ததும் ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வைக்கும் எண்ணம் இருந்தால் காவல் நிலைய அனுமதியும் வேண்டும். பக்கத்தில் பள்ளியோ மருத்துவமனையோ நீதிமன்றமோ இருந்தால் அதுவும் கிடைப்பது அரிது. ஒலிபெருக்கி இல்லாமலே நடத்துங்கள் என்பதுதான் என் அறிவுரை.

4. கட்டடம் வாடகைக்கு எடுத்ததா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் பழைய நகரத்தார் வீடுகளில் இயங்கும் அலுவலகங்கள் உண்டு. அப்படிப்பட்ட கட்டடமாக இருந்தால் அலுவலகத் தலைவரின் அனுமதியோடு வீட்டுக்காரருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுவது நலம். வீடு ஒரே புள்ளிக்கு, அதாவது ஒரே குடும்பத்துக்கு, சொந்தமாக இல்லாமல் பங்காளிகள் பலருக்கும் பொதுவாக இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கோ, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கோ தெரிவித்தால் போதும். அவர்களுடைய சாமி அறை பூட்டியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். "பக்கத்திலேயே சாமி அறை இருக்கே, அங்கயே வச்சுடலாமே" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள்.

சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து இழைத்த அந்தச் சுவர்களில் ஒட்டு நாடாவை ஒட்டினால், உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஆணியடித்தாலோ சீர் செய்யக் கொத்தனார் கிடைப்பதே கடினம். தோரணத்தைத் தூண்களிலும் சன்னல் கம்பிகளிலும் நூலால் கட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மஞ்சளும் குங்குமமும் ஈரத்தோடு கிடந்தால் கறை பிடித்துவிடும். பூஜைப் பொருள்களுக்கு அடியில் தலைவாழை இலையோ பலகையோ இருக்கட்டும். திருஷ்டிப் பூசணியை முற்றத்தில் உடைக்கவே கூடாது. தேக்கு உத்தரத்துக்குக் கீழே கற்பூரத் தட்டைத் தூக்கிப் பிடித்துச் சுற்றுவதையும் தவிர்த்து, வானம் பார்த்த வளவுப் பகுதியில் ஆரத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

5. பணம்: இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, முன் அனுமதியின்றி நிதி திரட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே பணியாளர்கள் தங்களுக்குள் பணம் போட்டுக்கொள்வதையும் அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அதன் பிறகு ஒரு தாளில் தொகையை முன்கூட்டியே அச்சிடாமல், "விருப்பமுள்ளவர்கள் தாங்கள் விரும்பும் தொகையை எழுதிக் கையொப்பமிடலாம்" என்று எழுதி வையுங்கள். தாளை நீங்களே கொண்டுபோய் ஒவ்வொருவரின் மேசை முன்னும் நிற்காதீர்கள். நின்றால் அது கட்டாயம்தான். யார் எவ்வளவு கொடுத்தார் என்று கண்காணிப்பாளருக்குப் பட்டியல் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் ஆகியோரிடம் கேட்க வேண்டாம். அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியாரிடமிருந்து எதுவும் வரக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்பந்ததாரர், பத்திர எழுத்தர், அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் என்று யாராவது, "பூஜைக்குத்தானே சார், நம்ம பங்கு" என்று இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பார். பெட்டிக்குள் இனிப்பு மட்டுமே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். பண்டிகைக் காலத்தில் ஊழல் தடுப்புத் துறையினர் திடீர்ச் சோதனைக்கு வருவது புதிதல்ல. அப்போது மேசை இழுப்பறையில் இருக்கும் பணத்துக்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால், அது பூப் பணமா வேறு பணமா என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆகவே சேரும் தொகையை இழுப்பறையில் வைக்காமல் அன்றன்றைக்கு உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அல்லது கைப்பேசி வழியாகவே பெற்றுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் சொந்தப் பணப் பதிவேடு இருந்தால், ரொக்கமாகக் கையில் வைத்திருக்கும் நாளில் அந்தத் தொகையை அதில் எழுதி, எதற்கென்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். கையொப்பமிட்ட பங்களிப்புத் தாளின் நகலும் அனுமதியின் நகலும் உங்கள் பையில் இருக்கட்டும்.

6. வாங்க வேண்டியவையும் ஆகும் செலவும்

இருபது, இருபத்தைந்து பேர் உள்ள அலுவலகத்துக்கு நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் நிறைவாகவே செய்துவிடலாம். பூவுக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை ஒதுக்குங்கள். பொரி, பொட்டுக்கடலை, அவல், நாட்டுச் சர்க்கரைக்கு அறுநூறும், தேங்காய், பழம், வெற்றிலை பாக்குக்கு எழுநூறும், வாழைக்கன்று, மாவிலை, பூசணி, எலுமிச்சைக்கு நானூறும், சந்தனம், குங்குமம், கற்பூரம், நெய், திரி ஆகியவற்றுக்கு இருநூற்றைம்பதும் ஆகும். மீதி சுண்டலுக்கும் பலகாரத்துக்கும். விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறும் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

கணக்கு தவறுவது பூவில்தான். மதுரைச் சந்தையில் மல்லிகை விலை பண்டிகைக்கு முந்திய இரு நாள்களில் எங்கோ போய்விடும், அதன் எதிரொலி காரைக்குடிக் கடைகளில் அன்றே கேட்கும். மல்லிகையை விட்டுவிட்டுச் செவ்வந்தியும் அரளியும் வாங்கினால் செலவு பாதியாகும். அலங்காரத்துக்கு நிறமும் கிடைக்கும். பலகாரத்துக்குக் கடைகளைவிட, வீட்டிலேயே கந்தரப்பமும் கல்கண்டு வடையும் செய்து எண்ணிக்கைக்கு விலை வைத்துக் கொடுக்கும் ஆச்சிமார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்; நவராத்திரியில் அவர்களுக்குக் கை ஓயாது. 2019 சனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுத் தட்டும் குவளையும் பிளாஸ்டிக் கைப்பையும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அரசு அலுவலகத்திலேயே அவற்றைப் பயன்படுத்தினால் பார்ப்பவர் சிரிப்பார்கள். வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் எளிதாகக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் இரசீது வாங்குங்கள். இரசீது தராத பூக்காரம்மாவிடம் வாங்கியதைக் கையால் எழுதி, உடன் வந்தவரிடம் கையொப்பம் பெறுங்கள்.

7. பூஜையில் எதை வைக்கக் கூடாது

இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அலுவலக முத்திரை, பதிவறைச் சாவி, காசோலைப் புத்தகம், அலுவலரின் மின்கையொப்பச் சாதனம், நடப்பில் உள்ள கோப்பு, தன்பதிவேடு (ஒவ்வொரு உதவியாளரும் தம்மிடம் வரும் தபால்களைப் பதியும் ஏடு) ஆகியவற்றைப் பூஜையில் வைக்காதீர்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். விடுமுறையிலும் அவசரமாக ஒரு முத்திரை தேவைப்பட்டால் யாருக்குச் சங்கடம் என்று யோசியுங்கள். முத்திரை மூன்று நாள் மேசைமேல் திறந்து கிடப்பது பாதுகாப்பும் அன்று. எழுதப்படாத ஒரு பதிவேடு, சில பேனாக்கள், ஓர் அளவுகோல், நில அளவைப் பிரிவென்றால் சங்கிலி, இவை போதும்.

கணினிக்குச் சந்தனம் வைக்க விரும்புபவர்களைத் தடுக்க முடியாது. திரையின் வெளிச் சட்டத்தில் ஒரு பொட்டு என்று எல்லை கட்டுங்கள். கைரேகைக் கருவியின் கண்ணாடியிலும் ஸ்கேனரின் கண்ணாடியிலும் பொட்டு வைத்தால் விடுமுறை முடிந்து வரும் நாளில் வருகைப் பதிவு எவருக்கும் விழாது. யுபிஎஸ் மின்கலங்கள் இருக்கும் அறைக்குள் கற்பூரமும் ஊதுபத்தியும் போகவே கூடாது.

8. யார் முன்னிற்பது, யாரை விட்டுவிடுவது

குருக்களை அழைப்பது கட்டாயமில்லை. பணியாளர்களில் ஒருவர் தீபாராதனை காட்டினால் போதும், அது எளிமையாகவும் இருக்கும். எவர் கையில் தட்டைக் கொடுப்பது என்பதில் பதவியும் சாதியும் தலைகாட்டும். அலுவலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவர் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டால் பேச்சு எழாது. அவர் அலுவலக உதவியாளராக இருந்தால் மிகவும் நல்லது. கணவரை இழந்த பெண் பணியாளர்களைக் குங்குமத் தட்டின் வரிசையில் தாண்டிப் போகும் வழக்கத்தை உங்கள் பூஜையில் அனுமதிக்காதீர்கள். தட்டை மேசையில் வைத்துவிட்டால் வேண்டியவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள், சிக்கலே இல்லை.

கிறித்தவ, இசுலாமிய நண்பர்களையும் சாமி கும்பிடாதவர்களையும் பலகாரத்துக்கு அழையுங்கள். பூஜைக்கு வரவில்லையே என்று கேட்க வேண்டாம். அன்றைய மாலையின் முன்மேசைப் பணியை அவர்கள் தலையில் கட்டுவதும் முறையாகாது, வரிசை முறையில் யாருக்கு வருகிறதோ அவரே பார்க்கட்டும். கட்சிக்காரர்களையும் கவுன்சிலர்களையும் அழைக்கவே வேண்டாம்.

9. அன்று மாலையும் அதற்குப் பிறகும்

தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது, அதன் காலாவதித் தேதி என்ன என்பதை மதியமே பார்த்துவிடுங்கள். ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும். கூட்டத்துக்கு வைக்கும் மின்விளக்குச் சரத்தை ஒரே செருகியில் அடுக்கடுக்காகச் சொருக விடாதீர்கள். அரசு வாகனத்துக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சை வைத்து, பூசணியை வளாகத்துக்குள் ஓரமாக உடைத்து, சிதறியதை உடனே கூட்டி அள்ளுங்கள். பூசணியைச் சாலையில் உடைத்துவிட்டுப் போனால் இருசக்கர வாகனத்தில் வருபவர் வழுக்கி விழுவார். புகைப்படம் எடுப்பவர்கள் மேசைமேல் கிடக்கும் மனுக்களையும் கணினித் திரையையும் சேர்த்து எடுத்து வாட்சப்பில் போட்டுவிடுவார்கள். மேசைகளை முன்பே காலி செய்யச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உணவுப் பொருள் ஒன்றுகூட உள்ளே இல்லை என்று பார்த்து, விளக்குகளைக் குளிரவைத்து, மின்இணைப்பை அணைத்து, இரவுக் காவலரிடம் நேரம் குறித்துச் சாவியை ஒப்படையுங்கள். சுத்தம் செய்யும் வேலையைத் தூய்மைப் பணியாளரிடம் விட்டுவிட்டுப் போகாமல் பொறுப்பேற்ற இருவரும் கூட இருங்கள். அடுத்த வேலைநாளில் வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, இரசீதுகளை இணைத்து, பங்களித்த அனைவரின் பார்வைக்கும் சுற்றில் விடுங்கள். மீதித் தொகையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளாமல், கொடுத்தவர்களின் ஒப்புதலோடு தூய்மைப் பணியாளருக்கும் காவலருக்கும் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுங்கள். முடித்த கணக்கை அனுமதிக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தால் அடுத்து வரும் தம்பிக்கோ தங்கைக்கோ உங்களைத் தேடி மாறுதல் ஊருக்கு வர வேண்டியிருக்காது.

10. கிறிஸ்துமஸ், நோன்பு திறப்பு

இதே அறை, இதே கடிதம், இதே கணக்கு. ஆயுத பூஜைக்கு அனுமதி தந்த அலுவலகத்தில் ஜெபக் கூட்டத்துக்கு மட்டும் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முந்தைய கோப்பின் எண்ணைக் கடிதத்தின் "பார்வை" வரியில் குறிப்பிட்டு அதே முறையில் எழுதுங்கள். கிறிஸ்துமஸ் பாடல் குழுவினர் வெளியிலிருந்து வருவதாக இருந்தால், எத்தனை பேர், எந்தச் சபையினர், எவ்வளவு நேரம் என்பதைக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் பொது விடுமுறை. சாம்பல் புதன், பெரிய வியாழன் போன்ற நாள்களுக்கு ஆண்டுக்கு மூன்று நாள் எடுக்கக்கூடிய வரையறுக்கப்பட்ட விடுப்பைப் பயன்படுத்தலாம் என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. அந்த விடுப்புக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

நோன்பு திறப்பு அலுவலக நேரம் முடிந்து சூரியன் மறைந்த பிறகே வரும் என்பதால், அனுமதிக் கடிதத்தில் இரவு 7.30 வரை கட்டடத்தைப் பயன்படுத்துவதாக எழுதுங்கள். 6 மணி என்று எழுதினால் கஞ்சி வருவதற்குள் காவலர் கதவைச் சாத்த வேண்டியிருக்கும். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வருவதாக இருந்தால் அங்கே முந்திய நாளே எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, தூக்குப் பாத்திரத்தை நீங்களே கொண்டுபோங்கள். தொழுகைக்கு ஓர் அறையும், கை கால் கழுவக் குழாயடியில் தண்ணீரும் வேண்டும். கோடையில் தொட்டி மாலைக்குள் காலியாகிவிடும் அலுவலகங்களில் நான்கு மணிக்கே மோட்டாரைப் போட்டு நிரப்பி வைக்கச் சொல்லுங்கள்.